'கம்மி' மிட்டாய்க்குத் தமிழ்ச்சொல்: பிசினா, ஜவ்வா, களியா?

குழுவினருக்கு வணக்கம்.

கரடி உருவில் வரும், மென்று தின்னும் 'gummy' மிட்டாய்க்குப் 'பிசின் மிட்டாய்' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. அது வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மனியின் பான் நகரில் 1920-இல் தொடங்கிய ஹரிபோ, 1922-இல் ஆடும் கரடி மிட்டாயைக் கொண்டுவந்தபோது அதை இறுக்கியது வேலம்பிசின். 'கும்மி' (Gummi, ஆங்கிலத்தில் 'கம்மி') என்ற ஜெர்மன் பெயர் அந்தப் பிசினைக் குறித்ததுதான். பிறகு ஜெலட்டின் வந்தது, பிசின் போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இல்லாத சரக்கை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

நூறாண்டு கடந்தும் இது விலைபோவதற்குக் காரணம் வாயில் நடப்பதுதான். கடித்தால் பல்லுக்கு எதிர்த்து நின்று மீள்கிறது. பிறகு உடல் சூட்டில் ஜெலட்டின் மெல்ல இளக, புளிப்பும் மணமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகின்றன. நீரைத் தன்னுள் பிடித்துக்கொண்டு உருக்குலையாமல் நிற்கும் அந்த நிலைக்குக் களி என்றே பெயர். ஆகவே 'களிமிட்டாய்'.

---

> ஆகவே 'களிமிட்டாய்'.

களி என்றால் கேழ்வரகுக் களியும் திருவாதிரைக் களியும்தானே நினைவுக்கு வரும்? மக்கள் வாயில் ஏற்கெனவே 'ஜவ்வு மிட்டாய்' இருக்கிறது. அல்லது மீள்மையைக் காட்ட 'மீள்களி' எனலாம்.

---

ஜவ்வு மிட்டாய் வேறு பொருளுக்கு உரிய பெயர். காய்ச்சிய பாகை இழுத்து இழுத்து, மூங்கில் கழியில் சுற்றி, பிள்ளைகள் கையில் கடிகாரமாகக் கட்டித் தருவது அது. அதில் களியூட்டி, அதாவது ஜெலட்டின் போலக் களியாக இறுக்கும் பொருள், எதுவும் இல்லை. 'மீள்களி'யும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது: கடற்பாசியில் செய்தது மீளாது, நறுக்கென்று முறியும்.

எது இறுக்குகிறது என்பதைப் பெயரின் முன்னொட்டு சொல்லட்டும்: ஊன்பசைக் களிமிட்டாய், பெக்டின் களிமிட்டாய், கடற்பாசிக் களிமிட்டாய். செய்முறையே மாறுவதால் இந்தப் பிரிவு கட்டாயம் தேவை.

ஊன்பசை, அதாவது ஜெலட்டின், மொத்த எடையில் 7–8 விழுக்காடு. அதன் இரு மடங்கு நீரில் ஊறவைத்து 60 டிகிரியில் கரைக்க வேண்டும். சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் 115 டிகிரி வரை காய்ந்து, 80-க்குக் கீழே ஆறிய பிறகுதான் இரண்டும் சேரலாம். சிட்ரிக் அமிலத்தைக் கடைசியில், பாகை அச்சில் ஊற்றுவதற்குச் சற்று முன் சேர்க்க வேண்டும். சூடான பாகில் அமிலத்தோடு காத்திருந்தால் புரதச் சங்கிலிகள் அறுந்து மிட்டாய் இறுகாது.

பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டினில் நேர்மாறு. அமிலம்தான் அதை இறுக்குகிறது, புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். 3.2–3.6 வேண்டும். அமிலம் முந்தினாலோ பாகு ஆறிவிட்டாலோ உருளியிலேயே உறையத் தொடங்கும். ஊற்றும்போது அது உடைந்து, மிட்டாய் மணல்போல் நொறுங்கும். இதற்கு 'முன்னுறைவு' என்ற சொல்லைத் தருகிறேன். வெயிலைத் தாங்குவது பெக்டின்தான். ஊன்பசை மிட்டாய் சித்திரை வெயிலில் இளகி, பையில் ஒரே கட்டியாகிவிடும்.

'ஊன்' என்ற சொல்லால் இன்னொரு பயன்: அசைவக் குறியைத் தேடாமலே சைவ உணவுக்காரர்களுக்கு விவரம் தெரிந்துவிடும்.

---

முன்னுறைவு நல்ல சொல், ஏற்கிறேன். களிமிட்டாயும் இருக்கட்டும், பேச்சில் 'ஜெல்லி மிட்டாய்' தொடரும், தடுக்க வேண்டியதில்லை. ஜெலட்டின் களியின் உறுதியை அளக்கும் புளூம் (Bloom) எண்ணுக்குக் 'களிவலு' சரியா? 200–250 களிவலு உள்ள ஊன்பசை என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. சோளமாவைத் தட்டில் பரப்பிக் கரடி உருவில் குழி அழுத்துகிறார்களே, அதற்கு 'மாவச்சு'. மாவின் ஈரம் 6–7 விழுக்காட்டைத் தாண்டினால் மிட்டாயின் நீரை அது உறிஞ்சாது. ஒரு நாள் கழித்தும் அடிப்பக்கம் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புக் குறைக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை.