கிறிஸ்துமஸ் முதலிடத்தைப் பறித்தது நியாயமா? 2009 பற்றி ஒரு விவாதம்

பழையகேசட்:
டிசம்பர் வந்தால் எனக்கு 2009 நினைவுக்கு வந்துவிடும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரம் எந்தப் பாட்டு அதிகம் விற்று முதலிடம் பிடிக்கிறது என்பது ஊரே பந்தயம் கட்டிப் பார்க்கிற விஷயம். 2005இல் ஷேன் வார்ட், 2006இல் லியோனா லூயிஸ், 2007இல் லியோன் ஜாக்சன், 2008இல் அலெக்ஸாண்ட்ரா பர்க் என்று நான்கு வருடம் அந்த இடம் எக்ஸ் ஃபேக்டர் என்ற டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர்களுக்கே போனது. பந்தயக் கடைக்காரர்களுக்கே சலித்துவிட்டது. 2009இல் எஸ்ஸெக்ஸ் பக்கத்தில் ஜான் மோர்ட்டர், ட்ரேசி மோர்ட்டர் என்ற தம்பதி ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார்கள். இந்த வருடம் எல்லோரும் ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின் ('மெஷினுக்கு எதிரான கோபம்') என்ற அமெரிக்க ராக் குழுவின் 'கில்லிங் இன் தி நேம்' பாட்டை வாங்குவோம் என்றார்கள். 1992இல் வந்த பாட்டு, கடைசியில் கெட்ட வார்த்தையாகவே முடியும். அது 5,02,672 பிரதிகள் விற்றது, அந்த வருடம் போட்டியில் ஜெயித்த ஜோ மெக்எல்டெரியின் 'தி க்ளைம்ப்' 4,50,838. நானும் ஒரு பிரதி வாங்கினேன், ஒரு பவுண்டுக்கும் குறைவு. கேட்கிறவர்கள் தங்கள் வாரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்ட தருணம் அது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வடகரைவாணி:
நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அப்போது நான் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் படித்துக்கொண்டிருந்தேன், ஜோ பிறந்த சவுத் ஷீல்ட்ஸ் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா சனிக்கிழமை மாலை ஆனால் டீயைப் போட்டு வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார், என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். கப்பல் கட்டும் தொழிலும் சுரங்கமும் போன பிறகு அந்தப் பக்கத்து ஊர்களின் பெயர் நாட்டின் காதில் விழுவதே அபூர்வம். அங்கிருந்து 18 வயதுப் பையன் ஒருவன் போய் நின்று பாடி, லட்சக்கணக்கான பேர் ஃபோன் செய்து ஓட்டுப் போட்டு ஜெயித்திருக்கிறான். அடுத்த வாரமே அவனை மண்ணைக் கவ்வ வைக்க நாட்டில் பாதிப் பேர் கிளம்பினால் அதற்குப் பெயர் புரட்சியா? கோபம் எக்ஸ் ஃபேக்டரை உருவாக்கிய சைமன் கௌவல் மேல் என்று எல்லோரும் சொன்னீர்கள். அடி விழுந்தது அந்தப் பையன் மேல். கௌவலுக்கு அதனால் என்ன குறைந்தது?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் யார்? என் வீட்டுக்காரம்மா மாதிரியான பாட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஷிஃப்ட் முடித்து வந்த அம்மாக்கள். இவர்களுக்குப் பிடித்ததெல்லாம் இசையே இல்லை என்கிற ஒரு மேட்டிமை அந்தப் பிரசாரத்துக்குள் இருந்தது, அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எண்கணக்கன்:
இரண்டு பேரும் உணர்ச்சியில் பேசுகிறீர்கள், நடந்தது எப்படி என்று ஒருமுறை பார்த்துவிடலாம். 2007 ஜனவரிக்கு முன்னால் இது நடந்திருக்கவே முடியாது. அதுவரை கடையில் சிடியாகவோ இசைத்தட்டாகவோ இருந்தால்தான் ஒரு பாட்டு தரவரிசையில் ஏறும். அந்த மாதம் விதியை மாற்றினார்கள். டவுன்லோடுக்குக் கிடைக்கிற எந்தப் பழைய பாட்டும், சிடி இல்லாமலே, விற்பனையை வைத்து மட்டும் ஏறலாம் என்று ஆனது. 'கில்லிங் இன் தி நேம்' ஒரு சிடி கூட விற்காமல் முழுக்க டவுன்லோடிலேயே கிறிஸ்துமஸ் முதலிடம் பிடித்தது. அப்படிப் பிடித்த முதல் பாட்டு அது. ஜோவுக்கு வார நடுவில் சிடியும் கடைக்கு வந்தது, அப்படியும் 51,834 குறைந்தது.

வாணி, நீங்கள் 'பிரசாரம்' என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் போட்டியின் இறுதிச் சுற்று 2009 டிசம்பர் 13, ஞாயிறு இரவு. தரவரிசைக் கணக்கு அப்போது ஞாயிறு முதல் சனி வரை. முடிவு சொன்ன கையோடு பாட்டு டவுன்லோடுக்கு வந்துவிடும், கிறிஸ்துமஸ் தரவரிசைக்கான வாரம் ஏறக்குறைய முழுசாகக் கையில் இருக்கும். யார் ஜெயித்தாலும் அதே பாட்டுதான், முன்கூட்டியே பதிவு செய்து தயாராக இருக்கும். மாதக்கணக்கில் வாரா வாரம் டிவியில் விளம்பரம். பிரசாரம் இல்லாமல் இதற்கு வேறென்ன பெயர்? ஒரு தம்பதி ஃபேஸ்புக்கில் செய்தது இதற்கு முன் எந்த மூலை?

பழையகேசட்:
சரியாகச் சொன்னீர்கள். முந்தைய வருடம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008இல் லெனர்ட் கோஹனின் 'ஹல்லேலூயா'வை அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடி வெளியிட்டார்கள். ஜெஃப் பக்லி 90களில் பாடியதை நெஞ்சில் வைத்திருந்த ரசிகர்கள் கொதித்துப்போய் அதை வாங்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம் பர்க் முதலிடம், பக்லி இரண்டாமிடம், கோஹன் தானே பாடியது 36ஆவது. ஒரே பாட்டு ஒரே வாரத்தில் மூன்று குரல்களில்! யாருக்கும் எதையும் கெடுக்கவில்லை, ஆனால் ரசிகர்கள் ஒன்று சேர்ந்தால் ஏதோ முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேட்டிமை என்றீர்கள் வாணி. நான் அப்போது லண்டனில் இரவு ஷிஃப்டில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்தவர்களில் ஐந்தாறு பேர் அந்தப் பாட்டை வாங்கினார்கள், அவர்களில் யாரும் ராக் இசைப் பண்டிதர்கள் இல்லை. ஒரு டிவி நிகழ்ச்சி முன்னாலேயே எழுதி வைத்த முடிவை மாற்ற முடியுமா என்று பார்க்கிற ஆசைதான். அந்த ஞாயிறு முடிவு அறிவித்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது.

சின்னமழை:
நான் இந்தப் பேச்சுக்குப் புதியவள், அப்போது எனக்குப் பத்து வயது, ஆனாலும் ஒன்று கேட்கிறேன் அண்ணா. எக்ஸ் ஃபேக்டர் வருவதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் முதலிடம் என்ன கோயிலாகவா இருந்தது? 1993இல் மிஸ்டர் ப்ளாபி, மஞ்சள் புள்ளி போட்ட இளஞ்சிவப்பு பொம்மை உடைக்குள் ஒரு ஆள். 2000இல் பாப் தி பில்டர், குழந்தைகள் கார்ட்டூன். 2002இல் வேறொரு டிவி போட்டியில் உருவான கேர்ள்ஸ் அலௌட். இதெல்லாம் வந்தபோது ஒருவரும் இசை செத்துவிட்டது என்று அழவில்லையே. அப்புறம், ரேஜ் குழு எபிக் என்ற இசை நிறுவனத்தில் இருந்தது, அது சோனியுடையது. ஜோவின் பாட்டை வெளியிட்ட சைக்கோ (Syco) நிறுவனத்திலும் சோனிக்குப் பங்கு. எந்தப் பாட்டை வாங்கினாலும் காசு ஒரே வீட்டுக்குத்தான் போனது. இதில் எந்த மெஷினை எதிர்த்தீர்கள்?

பழையகேசட்:
ப்ளாபி வருவார் என்று யாருக்கும் ஆறு மாதம் முன்னால் தெரியாதே, சின்னமழை. அதுதான் வித்தியாசம். எனக்குப் பிடிக்காத பாட்டு ஜெயித்தால் பரவாயில்லை, யார் ஜெயிப்பார்கள் என்று ஆகஸ்டிலேயே தெரிந்தால்தான் கோபம் வரும். சோனி விஷயம் உண்மை, அப்போதே எல்லோருக்கும் தெரியும். சோனியைத் திவாலாக்க யாரும் கிளம்பவில்லை. அந்த ஃபேஸ்புக் குழு மூலமாக வீடற்றவர்களுக்கான ஷெல்டர் என்ற அறக்கட்டளைக்கு 60 ஆயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதையும் கணக்கில் சேருங்கள்.

வடகரைவாணி:
ஷெல்டருக்குப் போன பணத்தை நான் மதிக்கிறேன், அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி யாருமே பேசாமல் இருக்கிறீர்களே, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போலீஸ் சீருடைக்குள் ஒளிந்திருக்கும் நிறவெறியை எதிர்த்து எழுதின பாட்டு அது. லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் அடித்ததும், அடித்தவர்களை விடுவித்ததும், ஊரே பற்றி எரிந்ததும் நடந்த 1992இல் வெளிவந்தது. அவ்வளவு கனமான பாட்டை எடுத்து ஒரு சனிக்கிழமை டிவி நிகழ்ச்சியின் மேல் வீசினீர்கள். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் போய்ச் சேர்ந்தது? கடைசி வரியின் வசவு மட்டும்தான் எல்லோருக்கும் இனித்தது. அந்த வாரம் ரேஜ் குழுவை பிபிசி வானொலியில் நேரலையாகப் பாடச் சொன்னார்கள், கெட்ட வார்த்தை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அவர்கள் பாடிவிட்டார்கள், பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். பேப்பரில் முழுக்க அதுதான் செய்தி.

ஒருவர் தோற்க வேண்டும் என்பதற்காக ஒரு பாட்டை வாங்குவது பாட்டை விரும்புவது ஆகாது. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எண்கணக்கன்:
இந்த இடத்தில் நான் வாணி பக்கம் கொஞ்சம் நகர்கிறேன், ஏனென்றால் அடுத்த வருடங்களில் நடந்தது அவர் சொல்வதைத்தான் காட்டுகிறது. 2010இல் எல்லோரும் 2009ஐத் திரும்பச் செய்யப் பார்த்தார்கள். இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனத்தை இசைக்கலைஞர்கள் பலர் கூடி நின்று பதிவு செய்தார்கள், அது 21ஆம் இடம். ட்ராஷ்மென் குழுவின் 60களின் பாட்டு ஒன்றைத் தூக்கி வந்தார்கள், மூன்றாமிடம். போட்டியில் ஜெயித்த மாட் கார்டில் சிரமமே இல்லாமல் முதலிடம் போனார். 2011இல் ராக் குழு நிர்வானாவின் பாட்டு 11ஆவது. 2013இல் இன்னொரு ராக் குழு ஏசி/டிசியின் பாட்டு நான்காவது, அந்த முறை முதலிடம் போட்டியில் ஜெயித்த சாம் பெய்லி, சிறை அதிகாரியாக வேலை பார்த்தவர். வெறுமனே தடுக்க வேண்டும் என்று வந்த பாட்டுகள் எல்லாம் வழியிலேயே நின்றுவிட்டன. ஒரே நேரத்தில் நான்கைந்து குழு ஆளுக்கொரு பாட்டைப் பிடித்துக்கொண்டதால் ஓட்டும் சிதறியது.

எக்ஸ் ஃபேக்டரை உண்மையில் தோற்கடித்தது யார் தெரியுமா? 2011இல் ராணுவ வீரர்களின் மனைவிகள். ஆப்கானிஸ்தானுக்குப் போன கணவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே போன கடிதங்களிலிருந்து எடுத்த வரிகள், காரத் மலோன் பயிற்சி கொடுத்த பாடகர் குழு, ஒரே வாரத்தில் 5.5 லட்சத்துக்கு மேல் விற்பனை. 2012இல் ஹில்ஸ்பரோ குடும்பங்களுக்காகப் பாடிய ஜஸ்டிஸ் கலெக்டிவ். 1989இல் கால்பந்து மைதான நெரிசலில் செத்தவர்களின் வீட்டார் 23 வருடம் நியாயம் கேட்டு அலைந்த பிறகு, அவர்களின் வழக்குச் செலவுக்காக வந்த பாட்டு அது. அந்த வருடம் போட்டியில் ஜெயித்த ஜேம்ஸ் ஆர்தர் இரண்டாமிடம். 2015இல் லூயிஷம் அண்ட் கிரீனிச் மருத்துவமனை ஊழியர்களின் பாடகர் குழு. போட்டிக்கு நின்ற ஜஸ்டின் பீபரே தன் ரசிகர்களிடம் அவர்கள் பாட்டை வாங்கச் சொன்னார். அந்த வருடம் எக்ஸ் ஃபேக்டரில் ஜெயித்த லூயிசா ஜான்சன் 9ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

சின்னமழை:
அப்போது வாங்கினவர்கள் யாரையாவது தடுக்க நினைத்தா வாங்கினார்கள்? அந்த நர்ஸுகளுக்காக வாங்கினார்கள். அவ்வளவுதானே அக்கா சொல்வதும்.

பழையகேசட்:
ஒப்புக்கொள்கிறேன், நகல்கள் நிலைக்கவில்லை. ஆனால் 2009 இல்லாமல் 2011 இருந்திருக்குமா என்று யோசியுங்கள். அதற்கு முன் நான்கு வருடம் இந்த வாரம் போட்டி ஜெயித்தவருக்குத்தான் என்று கடைக்காரர் முதல் வானொலிக்காரர் வரை எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கதவை உடைத்தது இந்த வசவுப் பாட்டுதான். உடைந்த கதவு வழியாகத்தான் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

பாட்டின் பொருள் பற்றி வாணி சொன்னது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. என் கதையைச் சொல்கிறேன். அந்த டிசம்பருக்கு முன் எனக்கு அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்றே தெரியாது. வாங்கிய பிறகு, காசு கொடுத்தோமே என்று வரி வரியாகத் தேடிப் படித்தேன். ராட்னி கிங் என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கடைக்குள் நுழைந்தால் பின்னாலேயே வருகிற காவலாளியை அதுவரை நான் என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து லட்சம் பேரில் என் மாதிரி எத்தனை பேர் இருந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? ஜெயித்தால் இலவசமாக வந்து பாடுவோம் என்று குழு சொன்னபடி 2010 ஜூன் 6 அன்று ஃபின்ஸ்பரி பூங்காவில் பாடியது. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, கூட வேலை பார்த்த ஒருவன் போய் வந்து தொண்டை கட்டிப்போய் மறுநாள் வேலைக்கு வந்தான்.

வடகரைவாணி:
அந்தக் காவலாளி விஷயத்தை நீங்கள் முதலிலேயே எழுதியிருக்கலாம். அதற்கு நான் எதிர்வாதம் சொல்லப் போவதில்லை, அந்தப் பாட்டு உங்களுக்கு வந்து சேர வேண்டிய விதத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

என் கோபம் குறையவில்லை, ஆனால் அதை இன்னும் சரியாகச் சொல்லிப் பார்க்கிறேன். கதவு என்றீர்கள். அந்தக் கதவில் சாய்ந்து நின்றது ஒரு பையன். அவன் தோற்ற அன்று முறுக்கிக்கொள்ளவில்லை, ஜெயித்தவர்களை வாழ்த்தினான். அடுத்த வாரத் தரவரிசையில் 'தி க்ளைம்ப்' முதலிடத்துக்கு வந்தது, உங்களில் யாராவது அதைக் கவனித்தீர்களா? கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது, பிரசாரம் செய்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 2011இல் சைக்கோ கம்பெனியும் அவனைக் கைவிட்டது. உங்கள் குழுவில் சேர்ந்தவர்களும், அவனை வைத்துச் சம்பாதித்தவர்களும், இரண்டு பேருமே அவனை மனிதனாகப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரம்மா அந்த சிடியைப் புதன்கிழமையே போய் வாங்கி வந்தார். அந்த ஞாயிறு முடிவு வந்த பிறகு எதுவும் பேசாமல் எழுந்து போய் அதைத் திரும்பப் போட்டார். மூன்று தடவை கேட்டோம். நன்றாகத்தான் பாடியிருந்தான்.