மலர்வளையம் வேண்டாம்: சாக்கில் செய்த கதவு அலங்காரத்துக்கு ஒரு சொல்

அனுப்புநர்: கருங்கல்லிலிருந்து

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே ஒரு சொல் தேவைப்படுகிறது.

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் நாங்கள் 11 பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கதவில் மாட்டும் அலங்கார வட்டத்தைச் சாக்கில் செய்கிறோம். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வரும் சாக்குதான் எங்கள் சரக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை 80 கிலோ மூட்டையாகக் கப்பலில் வரும். கொட்டையைக் கொட்டியபிறகு வெறுஞ்சாக்கு விலைக்குக் கிடைக்கும். எங்களில் நாலு பேர் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். எந்தச் சாக்கு தேறும், எது கையில் எடுத்ததும் பொடியும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

சாக்கை அலசி, காயவைத்து, ஒரு சாண் அகலத்தில் நாடாவாக வெட்டுவோம். கட்டுக்கம்பியை 14 அங்குல வட்டமாக வளைத்து, அதற்குள் இன்னும் இரண்டு சின்ன வட்டம் வைத்துக் கட்டினால் சட்டம் தயார். நாடாவைக் கம்பிகளுக்கு நடுவே கொசுவிக் கொசுவி மேலே இழுத்து, ஒவ்வொரு கொசுவத்துக்கும் ஒரு முறுக்குக் கொடுத்துக்கொண்டே சுற்றி வரவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வைக்கும் பைன் காய்க்கு இங்கே எங்கே போக? கடற்கரைச் சவுக்குக் காயும் ரப்பர் விதையும் ஒட்டுகிறோம். ரப்பர் விதையில் இருக்கும் அந்தப் புள்ளிக்கோலத்தை எந்த பெயிண்டாலும் போட முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அந்தக் கூட்டத்தில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் இது விற்கும். போன வருஷம் ஒரு கடையில் இடம் கிடைத்தது. அகராதியைப் பார்த்து அட்டையில் ‘சாக்கு மலர்வளையம்’ என்று எழுதி மாட்டினேன். ஒரு பாட்டி அருகில் வந்தார், படித்தார், இரண்டடி பின்னால் போனார். “எடி மக்களே, ஆரு செத்தது?”

அன்றைக்கு அட்டையைக் கழற்றியதுதான். இந்த வருஷம் பெயர் இல்லாமல் விற்க மனம் இல்லை. கதவில் மாட்டும் இந்த வட்டத்துக்கு நல்ல சொல் வேண்டும். யூடியூபில் ‘பர்லாப்’ என்கிறார்களே, அந்தத் துணிக்கும் தமிழில் எதை வைப்பது என்று சொல்லுங்கள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, நாகர்கோவில்

அன்புத் தங்கைக்கு,

பாட்டி சொன்னது சரி. மலர்வளையம் என்ற சொல்லில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது நம் ஊரில் சவப்பெட்டிமேல் வைத்து வைத்து அந்த வாடை ஏறிவிட்டது. வாடை ஏறிய சொல்லைத் துவைக்க முடியாது.

பழந்தமிழில் மாலைக்கு இருக்கும் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். தலையில் சூடினால் கண்ணி. மார்பில் அணிந்தால் தார். பெண்கள் அணிந்தால் கோதை. தொடுத்தது தொடையல், பிணைத்தது பிணையல், இலையும் பூவும் கலந்தால் படலை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று எந்தப் பூ யாருக்கு என்பதற்குக்கூடக் கணக்கு இருந்தது. எங்கே அணிகிறோம் என்பதை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் போனால், இது நிலைப்படியில் மாட்டுவது. ஆகவே ‘நிலைமாலை’ என் பரிந்துரை.

துணிக்கு ‘இரட்டு’ என்ற அருமையான சொல் இருக்கிறது. முரட்டுத் துணி, சாக்குத் துணி என்று அகராதியே பொருள் சொல்கிறது. தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாமே.

அனுப்புநர்: கருங்கல்லிலிருந்து

டீச்சர், இரட்டு எங்களுக்குப் புதிய சொல் இல்லை. ஞாயிறுதோறும் காதில் விழுவது. யோனா போய்ச் சொன்னதும் நினிவே ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி இரட்டை உடுத்திக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்தார் அல்லவா, அந்த இரட்டு. யாக்கோபு மகன் செத்துப்போனான் என்று நினைத்துக் கட்டிக்கொண்டதும் அதுதான்.

இப்போது ‘இரட்டு மலர்வளையம்’ என்று எழுதி மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சாவுக்கு இரண்டு சாவு. எங்கள் திண்ணையில் இதைப் படித்துக் காட்டினேன், அரை மணிநேரம் வேலை ஓடவில்லை.

நிலைமாலை எனக்குப் பிடித்திருக்கிறது.

அனுப்புநர்: வடசேரி, நெசவாளர் வீட்டுப் பிள்ளை

அக்கா சிரித்தாலும் அதில் ஒரு வேடிக்கை மறைந்திருக்கிறது. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் இரட்டு என்ற இடத்தில் இருக்கும் சொல் ‘சக்’. அது கிரேக்கத்தில் ‘சக்கோஸ்’, இலத்தீனில் ‘சாக்குஸ்’ ஆகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவி, கப்பல்காரர்களோடு நம் கரைக்கு வந்து ‘சாக்கு’ ஆனது. ஆக நினிவே ராஜா உடுத்தியதும் உங்கள் திண்ணையில் கிடப்பதும் ஒரே சொல்தான். அவர் கட்டிக்கொண்டது பெரும்பாலும் ஆட்டுமயிர்த் துணியாக இருந்திருக்கும், சணல் இல்லை.

துணியின் பெயருக்கு வருகிறேன். சாக்கு என்று மட்டும் சொன்னால் இப்போது போதாது. உரச்சாக்கும் சாக்குதான், அது பிளாஸ்டிக். கோணி என்றால் சென்னைப் பக்கம் உடனே புரியும், நம் பக்கம் அவ்வளவு புழக்கம் இல்லை. ‘சணல்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சணல், சணப்பு என்று பழைய வழக்கில் சொன்னது மஞ்சள் பூப் பூக்கும் வேறு செடியை. வயலில் விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்குவார்களே, அது. சாக்கு நெய்யும் நார் வங்காளத்துச் செடியின் நார். ஆனால் பள்ளிப் பாடப்புத்தகம் முதல் ரேஷன் கடை வரை அதற்கே சணல் என்று நிலைத்துவிட்டது. வயல்காரர்களுக்குச் சணப்பு இருக்கிறது, சண்டை வராது. ‘சணல்துணி’ என்றே வைக்கலாம்.

இரட்டு என்ற சொல்லை வீணாக்க வேண்டாம். சாக்கு நெசவில் பாவு, அதாவது நீளவாக்கு இழை, இரண்டிரண்டாக ஓடும் கனத்த ரகம் ஒன்று உண்டு. அரிசி, கொட்டை சுமக்கும் மூட்டையெல்லாம் பெரும்பாலும் அதுதான். ஒற்றைப் பாவு, ஒற்றை ஊடை (குறுக்கு இழை), வலைபோலக் கண் தெரியும் மெல்லிய ரகம் இன்னொன்று. வியாபாரிகள் ஹெசியன் என்பார்கள், அமெரிக்கர்கள் பர்லாப் என்பார்கள். கனத்ததை இரட்டு என்றும் மெல்லியதைச் சணல்துணி என்றும் பிரித்தால் இரண்டு சொல்லுக்கும் வேலை கிடைக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். நாடாவை நேராக வெட்ட என்ன செய்கிறீர்கள்? கத்தரியை நம்பினால் கோணுமே.

அனுப்புநர்: கருங்கல்லிலிருந்து

கோணத்தான் செய்தது. முதல் மாதம் வெட்டியதெல்லாம் பாம்பு நெளிந்த மாதிரி இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. அளந்த இடத்தில் ஒரே ஒரு ஊடை இழையை ஊசிமுனையால் தூக்கி, மெல்ல மெல்ல முழுநீளத்துக்கும் உருவி எடுத்துவிட்டால் துணியில் ஒரு சந்து விழும். அந்தச் சந்து வழியே கத்தரி தானாக ஓடும். ஓரம் பிரியாமல் இருக்க, வெட்டு ஓரமாக வெள்ளைப் பசையை விரலால் தடவிக் காயவிடுகிறோம். சில நாடாவில் வேண்டுமென்றே ஐந்தாறு இழையை உருவி ஓரத்தைக் குஞ்சம்போல விடுவதும் உண்டு.

இதற்குச் சொல் தேடவேண்டாம் தம்பி. ‘இழை உருவி வெட்டு’ என்றுதான் புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

அலசுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து யாராவது செய்து பார்க்கலாம். சாக்கில் ஒரு மண்ணெண்ணெய் வாடை வரும். நாரை இளக்க ஆலையில் எண்ணெய் தெளிக்கிறார்கள், அந்த வாடை. சோப்புத்தண்ணீரில் ஊறவைத்துக் கையால்தான் அலசவேண்டும். வாஷிங் மெஷினில் போட்டால் துணியில் உதிரும் தும்பு குழாயை அடைத்துவிடும். எங்கள் வீட்டு மெஷின் அப்படித்தான் படுத்தது. மைனி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அலசினால் துணி சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன்பே அலசிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குள் இந்தத் துணியை விரிப்பவர்கள் மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைக்கக்கூடாது, இது பிடித்தால் குப்பென்று பிடிக்கும். சீரியல் பல்பு போதும்.

அனுப்புநர்: தோவாளை பூக்கடை

அக்கா, டீச்சர், எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமாச் சொல்லுதேன். நிலைமாலை எங்க சரக்கு. கோயில் நிலைக்கு ரெண்டு பக்கமும் மேலேருந்து கீழ வரைக்கும் தொங்கவிடுற மாலைக்கு அதான் பேரு. நீங்க அந்தப் பேர்ல விற்றா நாளைக்கு ஒருத்தர் எங்கிட்ட போன் போட்டு நிலைமாலை ஒண்ணுன்னு சொல்லுவாரு, நான் ஆளுயரத்துக்குக் கட்டி அனுப்புவேன். அவரு கதவுல ஆணி அடிச்சிட்டு நிப்பாரு.

இன்னொண்ணு. பேர்ல சாக்கு வந்தே ஆகணும்னு என்ன இருக்கு? எங்க ஊரு மாணிக்கமாலையில மாணிக்கம் ஒண்ணும் கிடையாது. அரளிப்பூவும் நொச்சி இலையும் மடக்கிக் கட்டுறதுதான். பார்க்க மாணிக்கம் பதிச்ச மாதிரி இருக்கும், அதனால அந்தப் பேரு. 2025-ல புவிசார் குறியீடே அந்தப் பேர்லதான் கிடைச்சுது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, நாகர்கோவில்

தோவாளைத் தம்பி சொன்னபிறகு நிலைமாலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வழக்கில் இருக்கும் சொல்லைப் பிடுங்கி வேறு பொருளுக்குக் கொடுப்பது கலைச்சொல்லாக்கம் இல்லை, களவு.

வளை, வளையல் என்ற நல்ல சொற்கள் இருக்கின்றனவே. ‘வாசல்வளை’ எப்படி? வாசல் அணிந்த வளையல். இரண்டே சொல், ஓசையும் நயமாக இருக்கிறது. இல்லையென்றால் ‘கதவுக்கண்ணி’.

அனுப்புநர்: குளச்சல்

டீச்சர், எங்க கடற்கரையில வளைன்னா நண்டு வளை. வீட்டுக்குள்ள வந்தா எலி வளை. வாசல்ல வளை இருக்குன்னு சொன்னா எங்க அம்மை சிமெண்டு கலக்கிட்டு வந்துருவா.

கண்ணியில கொக்கு மாட்டும்.

அனுப்புநர்: கருங்கல்லிலிருந்து

நாலு நாளாக எல்லாரும் எனக்காக மெனக்கெட்டிருக்கிறீர்கள், நன்றி. நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று அட்டை எழுதி, ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும் வழியில் திண்ணைத் தூண்களில் மூன்று வட்டத்தோடு மாட்டினேன். ஒன்றில் ‘நிலைவளையம்’, ஒன்றில் ‘கதவுக்கண்ணி’, ஒன்றில் ‘வாசல் வளையம்’. பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

நிலைவளையத்தைப் படித்தவர், “நிலையா இருக்குமா, மழையில வீணாப் போவாதா?” என்று கேட்டார். சரக்கின் ஆயுளைப் பற்றிய உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். கதவுக்கண்ணியைப் பார்த்து ஒரு பையன் எலிக்கா என்றான். குளச்சல்காரரின் ஆளாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. வாசல் வளையத்தைப் படித்தவர்கள் பெயரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, விலையைக் கேட்டார்கள்.

ஆகவே ‘வாசல் வளையம்’. நயம் குறைவுதான் டீச்சர், கோபிக்கக்கூடாது. வளையம் என்ற பாதி அந்தப் பழைய சொல்லில் இருந்தே வந்திருக்கிறது. பூவை எடுத்துவிட்டு வாசலை வைத்ததும் சாவு போய்விட்டது. அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது, திண்ணையில் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு சொல் தானாக வந்து மாட்டிக்கொண்டது. கம்பி இல்லாமல் நாங்கள் செய்யும் ரகம் ஒன்று இருக்கிறது. வெட்டி மிஞ்சிய துண்டுகளை உருட்டி நீளமாக்கி, வட்டமாகச் சுற்றி, மேலே கயிறு வரிந்து கட்டினால் கெட்டியான அடிவட்டம் கிடைக்கும். அதன்மேல் இலையோ துணியோ எதையும் ஒட்டலாம். அதைப் பெண்கள் முதல் நாளிலிருந்தே ‘சும்மாடு’ என்கிறார்கள். “அந்தச் சும்மாட்ட இங்க போடு.” தலையில் சும்மாடு வைத்துச் சந்தைக்குக் கடவப்பெட்டி சுமந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? இந்தக் குழுமத்தில் சொல் கேட்டு எழுதியபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை, கலைச்சொல் என்றால் வேறு எங்கிருந்தோ வரும் என்று இருந்துவிட்டேன்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, நாகர்கோவில்

கோபம் ஏதும் இல்லை. பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: அலங்காரம் ஏற்றும் அடிவட்டம், சும்மாடு. அலங்கரித்து முடித்துக் கதவில் மாட்டுவது, வாசல் வளையம். மெல்லிய துணி, சணல்துணி. இரட்டைப் பாவில் நெய்தது, இரட்டு. வெட்டும் முறை, இழை உருவி வெட்டுதல். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் இழையுருவல்.

கொசுவிக் கொசுவிச் செருகுவதையும் ‘கொசுவமிடல்’ என்று சேர்த்திருக்கிறேன். அது நீங்கள் கேட்காமலே முதல் கடிதத்தில் கொடுத்துவிட்ட சொல்.

அந்தச் சூடான பசையை உருக்கித் தள்ளும் கருவியை என்ன சொல்கிறீர்கள்?

அனுப்புநர்: கருங்கல்லிலிருந்து

குளூ கன் என்றுதான். ‘பசைத் துப்பாக்கி’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், எங்களில் மூத்த அக்கா அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். தொடாததும் நல்லதுதான். சணல்துணி முழுக்க ஓட்டை, பசை மறுபக்கம் வழிந்து விரலில் ஒட்டும். சூடு குறைந்த வகையிலேயே பசை 120 டிகிரி வரைக்கும் இருக்கும். நான் ஐஸ்குச்சியால் அழுத்துகிறேன். குளூ கன்னுக்கு யாராவது சொல் சொன்னால் அக்காவிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

இப்போதைக்கு 17 வாசல் வளையத்துக்கு வெட்டிய நாடா ஓரப் பசை காயாமல் கொடியில் கிடக்கிறது. மழை விட்டபாடில்லை.