ராகிக் களி உண்ணும் வீட்டில் பெண்களுக்கு மட்டும் ரத்தசோகை ஏன்?

கேள்வி – பென்னாகரத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓசூரில் வேலை பார்ப்பதால் மாதம் ஒருமுறைதான் பென்னாகரம் அருகிலுள்ள எங்கள் ஊருக்குச் செல்கிறேன். சென்ற வாரம் போனபோது, ஐந்து மாதக் கர்ப்பிணியான அண்ணிக்கு ஹீமோகுளோபின் 8.4 என்றும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளுக்கு 9.6 என்றும் பரிசோதனையில் வந்திருந்தது. அம்மாவுக்கு வயது 61. வாசற்படியில் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் களி கிண்டாத நாள் கிடையாது. இரண்டு கறவை மாடுகளும் கோழிகளும் இருக்கின்றன. அப்பாவும் அண்ணனும் நலமாகவே இருக்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் இப்படி வருவது ஏன்? உணவில் எதைக் கூட்ட வேண்டும்?

பதில் 1 – காவேரிப்பட்டணம் விவசாயி

100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதே இதற்காகத்தான். களியின் அளவைக் கூட்டி, முருங்கைக்கீரையையும் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கருத்து.

பதில் 2 – ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், பாலக்கோடு

விவசாயி அண்ணன் கால்சியத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ரத்தசோகைக்குக் களியை மட்டும் நம்பக் கூடாது. கேழ்வரகில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். களி உண்ட கையோடு டீ குடித்தால் உள்ளே போகும் கொஞ்சமும் குறைந்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றை உணவோடு சேர்ப்பது உதவும். எனினும் 8.4 என்பது உணவால் மட்டும் ஏற்றக்கூடிய அளவன்று. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான், 7க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. உங்கள் அண்ணியை இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, ஊசியாக ஏற்றுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே தரும் கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அது அந்த மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கறந்த பாலில் எத்தனை படி சொசைட்டிக்குப் போகிறது, வீட்டில் நிற்பது யார் டம்ளருக்குப் போகிறது? முட்டை யார் தட்டில் விழுகிறது? வீட்டில் கடைசியாக உட்கார்ந்து உண்பவர் யார்? மாதவிடாயில் இரும்பை இழக்கும் சிறுமிக்கு அதை ஈடுகட்டும் உணவு கிடைக்காமல், அவள் அதே குறையோடு கருவுற்றால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதுவும் பெண் குழந்தையாக இருந்துவிட்டால், அவளும் அதே வரிசையில் கடைசியாகத்தான் உட்காருவாள். உங்கள் அம்மா அந்த வரிசையின் மறுமுனையில் இருக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். நம் தருமபுரி மாவட்டத்துக்கு என்றே ஒரு கூடுதல் தொல்லையும் உண்டு: 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், பல ஊர்களில் புளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஆண், பெண் எல்லோரும் குடித்தார்கள், கால்சியம் குறைந்த உடம்பின் எலும்பை அது கூடுதலாக வாட்டும். எனவே அம்மாவுக்கு எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3 – அரசுப் பள்ளி ஆசிரியை, அரூர்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கும் வந்தது அந்தக் காலத்தில்தான். பிறக்க விட்டதே பெரிது என்று எண்ணிய ஊர்களில், தட்டில் என்ன விழும் என்று எதிர்பார்க்க முடியும்? பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை, காலையில் ஒன்றும் உண்ணாமல் வரும் பெண்கள் வயிறு புரட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள். நான் மதிய உணவுக்குப் பிறகு, என் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்கிறேன். உங்கள் அண்ணன் மகளுக்கு வாரம் ஒன்று போதாது, குடற்புழுவையும் சேர்த்து மருத்துவர் பார்க்க வேண்டும். மேலும், பத்தாம் வகுப்பு முடிந்ததும் வரன் பார்க்கும் பேச்சு எழுந்தால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகையைவிட, வீட்டாரிடம் எடுத்துச்சொல்ல அது ஒரு காரணமாக உதவுவதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

மீண்டும் – பென்னாகரத்துப் பெண்

நேற்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். இரண்டு வேளைப் பாலும் சொசைட்டிக்குத்தான் போகிறதாம். நிறுத்தி வைக்கும் அரை லிட்டரில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் டீ போட்ட பிறகு மிஞ்சுவது இல்லையாம். முட்டையைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அண்ணியோ பதினைந்து நாட்களாக மாத்திரையே விழுங்கவில்லை. செவிலியர் அம்மா சொன்ன அதே கறுப்பு மலம்தான் காரணம். அண்ணனிடம் பேசியதில், சனிக்கிழமை மூவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒப்புக்கொண்டார். பாலைப் பற்றிப் பேசியபோது மட்டும், சொசைட்டிக் கடன் இன்னும் அடையவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தப் பேச்சை நான் நேரில் போய்த்தான் முடிக்க வேண்டும்.