ஏப்ரல் மாத என்பிஏ ஆட்டங்களை எப்படிக் கணிக்கிறீர்கள்?

நண்பர்களே, ஒரு உதவி. எங்கள் கூட்டாளிகளுக்குள் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லும் போட்டி நடக்கிறது. காசு கிடையாது, கௌரவப் பிரச்சினை மட்டும்தான். சொந்த ஊர் ஆட்டமா, சராசரி புள்ளி வித்தியாசம் என்ன, முந்தின நாளும் ஆடினார்களா என்று பார்த்தே ஜனவரி வரை ஓட்டிவிட்டேன். சீசனில் ஒவ்வொரு அணிக்கும் உள்ள 82 ஆட்டங்கள் முடியப்போகும் நேரத்தில் இந்தக் கணக்கு எடுபடுவதே இல்லை.

2023 ஏப்ரலில் டல்லஸ், சிகாகோவுடன் ஆடியது நினைவிருக்கிறதா? பிளே-இன் (7 முதல் 10 வரையிலான இடங்களில் முடிக்கும் அணிகள் பிளே-ஆஃபுக்குள் நுழைய ஆடும் ஆட்டங்கள்) வாய்ப்பு டல்லஸுக்கு அப்போதும் கையில் இருந்தது. ஆனாலும் தங்கள் நட்சத்திர வீரர் கைரி இர்விங்கை உட்கார வைத்தார்கள். இன்னொரு நட்சத்திரம் லூக்கா டான்சிச் சீக்கிரமே வெளியே போய்விட்டார். காரணம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், தோற்கத் தோற்க முன் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அதில் முதல் 10 இடத்துக்குள் வந்தால்தான் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டல்லஸிடம் தங்கும், இல்லாவிட்டால் நியூயார்க்குக்குப் போய்விடும். 115-112 என்று தோற்றார்கள், லீக் 7,50,000 டாலர் அபராதம் போட்டது. தோற்றால் லாபம் என்று இருக்கும் அணியிடம் எந்தப் புள்ளிவிவரம் பேசும்?

காயப் பட்டியல் பெரும்பாலும் முந்தின நாளே வந்துவிடுகிறது, சரி. அதில் 'சந்தேகம்' என்று போட்டிருப்பவரை ஆடுவார் என்றே எடுத்துக்கொள்வீர்களா? அப்புறம், 7 முதல் 10 வரையிலான இடங்களுக்கு முட்டிமோதும் அணி, ஏற்கெனவே இடம் உறுதியான பெரிய அணியைச் சந்தித்தால் யார் பக்கம் சாய்வீர்கள்? கடைசி 10 ஆட்டங்களின் முடிவை நான் பெரிதாக நம்புவதில்லை. யாராவது எக்ஸெலில் கணக்குப் போட்டு வைத்திருந்தால் கொஞ்சம் காட்டுங்களேன்.