நெல்லுக் காசு தொடாத கார்

வயலும் பிள்ளைகளும் இருக்கிறபோது பழைய வாகனம் ஒன்றைத் திருத்த எங்கே நேரம் கிடைக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நேரம் கிடைப்பதில்லை. மழையும் குளமும் விட்டுத்தருகிற நாட்களைப் பொறுக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். என் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

ஊர் கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல் மூன்று ஏக்கர். வளவோடு சேர்ந்த மேட்டுக்காணியில் கச்சானும் (நிலக்கடலைதான்) உழுந்தும் போடுகிறோம். மாடு இரண்டு, கோழிக்குக் கணக்கில்லை. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. இவர்கள் எல்லோருக்கும் இடைஞ்சலாக மாமரத்தின் கீழே ஒரு மொறிஸ் மைனர் கார்.

2016-இல் விசுவமடுப் பக்கம் விதை உழுந்து வாங்கப் போன வீட்டில்தான் அதைக் கண்டேன். பின்சீற்றில் கோழி அடைகிடந்தது. சில்லு நான்கும் இல்லை, ஒரு கதவும் இல்லை. இலக்கத்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அப்படியென்றால் 1958-இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன் பதிந்த வண்டி. முன்கண்ணாடியோ நடுவில் பிரிவில்லாமல் ஒரே துண்டாக வளைந்திருந்தது. அது 1956-இன் கடைசியில் வந்த 948 சீசீ மொறிஸ் 1000-இன் அடையாளம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது வண்டியின் வயது கையில் வந்துவிட்டது. உழுந்தை மறந்துவிட்டேன்.

வீட்டுக்கார ஐயாவுக்கு எண்பதை நெருங்கிய வயது. இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகும் இது எப்படி மிஞ்சியது என்று கேட்டேன். "ஓடாமல் கிடந்தபடியால்தான் தம்பி" என்றார். ஓடிய வாகனங்களையெல்லாம் 2009-இல் சனம் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோனது. அவை அங்கேயே குவியலாகக் கிடந்து துருப்பிடித்தன. எஞ்சின் இறுகிக் கொட்டிலுக்குள் கிடந்த இந்தக் காரை யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை. மீண்டு வந்தபோது கொட்டிலின் கூரையைக் காணவில்லை, கார் இருந்ததாம். பதிவுப் புத்தகத்தை மட்டும் காணி உறுதியோடு பொலித்தீன் பையில் சுற்றிப் போன இடமெல்லாம் கொண்டு திரிந்திருக்கிறார்.

எஞ்சின் ஏன் இறுகியது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை. கார் ஓடியது மண்ணெண்ணெயில். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தச் சொட்டுப் பெற்றோலுக்குக் கிடைத்த மரியாதை கோயில் தீர்த்தத்துக்குக்கூடக் கிடைத்திருக்காது. பயணத்தின் நடுவில் எஞ்சினை அணைக்கப் பயம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பின்னர் நான் எஞ்சினைக் கழற்றியபோது பிஸ்டன் தலைகளில் அடுப்புக்கரிபோல் படிந்திருந்ததும், பெயரிங்குகள் தேய்ந்திருந்ததும் அவர் சொன்னதற்குச் சாட்சியாக இருந்தன.

காரை வீட்டுக்கு இழுத்துவந்த அன்று மனைவி ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாடு வைக்கும்போது ஒரே ஒரு விதி சொன்னாள்: "நெல்லுக் காசு அதுக்குள் போகக்கூடாது."

கமக்காரர்களுக்கு இதன் நியாயம் விளங்கும். நெல்லுக் காசு கைக்கு வரும் முன்பே அதற்கு வழி வைத்திருக்கும். அடகில் இருக்கிற நகை, உரம், மருந்து, வெட்டுமெஷின் கூலி, பிள்ளைகளின் ரியூஷன். மிஞ்சுவது அடுத்த விதைப்புக்கு. ஆகவே கார் கச்சான் காசில் வளர்ந்தது. 2017-இன் கச்சான் தளத்தகடாகப் போனது. அடுத்த வருடத்து விளைச்சல் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிஸ்டன் ரிங்குகளும் பெயரிங்குகளும் ஆனது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய், கடை கடையாக ஏறி இறங்கி, மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்பி, விடிய வயலில் நிற்பேன். இப்போது அப்படிச் செய்ய இடுப்பு விடாது.

நேரத்துக்கு விதி வகுத்தது குளம். ஐப்பசியில் காலபோக விதைப்பு தொடங்கினால் காரைப் படங்கால் மூடிவைப்பதுதான். கார்த்திகை, மார்கழி மழையில் வெளியே வேலை இல்லை என்பதால் காபரேற்றர், டைனமோ போன்ற சின்ன உறுப்புகள் வீட்டுக்குள் வரும். தை, மாசியில் அறுவடை. பங்குனி தொடக்கம் எல்லாம், குளத்துத் தண்ணீரைப் பார்த்து எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுக்கிற சிறுபோகக் கூட்டத்தைப் பொறுத்தது. நிறையத் தண்ணீர் இருந்து முழு வயலும் விதைக்கக் கிடைத்தால் காரைத் தொட முடியாது. பங்கு போட்டு அரை ஏக்கர் மட்டும் என்றால் ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டத்திலிருந்து திரும்பும். நானும் தொங்கப்போடுவேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் கதவுப் பிணைச்சலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். இதை வீட்டில் சொன்னதில்லை.

2018 மார்கழி வெள்ளம் பலருக்கும் நினைவிருக்கும். இரணைமடு வான்கதவுகளைத் திறந்த அந்த இரவு எங்கள் வளவுக்குள்ளும் தண்ணீர் வந்தது. நான் முதலில் தூக்கியது கியர்பெட்டியைத்தான் என்று மனைவி இன்றைக்கும் வருகிற சனத்திடமெல்லாம் சொல்கிறாள். அது பொய். முதலில் தூக்கியது விதைநெல் மூடைகளை. கியர்பெட்டி அதற்குப் பிறகு. பிள்ளைகள் அதற்கு முன்பே அம்மாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் அவள் சொல்லிக்காட்டாத ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைச் சுடும். ஒரு மாசி மாதம் வெட்டுமெஷின் எங்கள் வயலுக்கு வரும் முறை. இயந்திரக்காரர் அழைத்திருக்கிறார். தொலைபேசி குசினிக்குள் கிடந்தது. நான் காரின் கீழே பின்பிரேக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு அவர் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விட்டார். எங்கள் முறை திரும்ப நான்கு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பருவம் தப்பிய மழை கொட்டி, கதிர் முழுவதும் சரிந்து படுத்துவிட்டது. படுத்த நெல்லை இயந்திரம் பாதிதான் அள்ளும், மிச்சம் ஈரத்தில் முளைக்கும். மனைவி திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் மகளோடு வயலில் இறங்கிப் படுத்த கதிரை அரிவாளால் வெட்டத் தொடங்கினாள். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் படங்கைத் திறக்கவே இல்லை.

திறக்கச் சொன்னது அவள்தான். 2022, பெற்றோல் தட்டுப்பாட்டு வருடம். கிணற்றிலிருந்து மேட்டுக்காணிக்கு இறைக்கிற பம்ப் பெற்றோலில் ஓடுவது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கச்சான் வாடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கார் பதிவில் இருக்கிறதுதானே?"

இருந்தது. புத்தகமும் செசி இலக்கமும் கையில் இருந்தன, கியூஆரும் வந்துவிட்டது. கார்தான் ஓடவில்லை. எஞ்சின் பூட்டி முடிந்திருந்தாலும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். ஆகவே லாண்ட்மாஸ்டரில் (இருசில்லு உழவு இயந்திரம்) கயிறு கட்டி, மகனை ஸ்டேரிங்கில் இருத்தி, பெற்றோல் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஓடாத காருக்குப் பெற்றோல் வாங்க, டீசல் எரித்துப் போன ஆள் வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வரிசையில் நின்ற சனம் பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது. சிலர் வந்து போனற்றைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பையன், திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து எழும்புகிற கைகாட்டியை ஏற்றி இறக்கி விளையாடினான்.

அந்த வரிசையில்தான் அவரைச் சந்தித்தேன். எழுபது வயதிருக்கும், கையில் ஒரு சைக்கிள். அந்தக் காலத்தில் வாடகைக் கார் ஓடியவராம். போனற்றைத் திறக்கச் சொன்னார். ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, பற்றரியை மாறிப் பூட்டியிருக்கிறாய். இந்த வண்டிக்குப் பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகும்."

எத்தனை மாதங்கள்! இப்போதைய வாகனங்களின் பழக்கத்தில் நெகற்றிவ்வைப் பொடியில், அதாவது காரின் உடலில், பூட்டியிருந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் கொயிலில் பொறி மெலிந்தது, டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை, டைனமோவின் கட்டவுட் சுவிட்ச் கருகிக் கிடந்தது. அவர் கம்பிகளை மாற்றி, டைனமோவுக்கு ஒரு நொடி மின்சாரம் தொட்டுக் காட்டிச் சரிப்படுத்தினார். 20 லீற்றர் ஊற்றியபின் கார் ஸ்டார்ட் ஆனது. வரிசை கைதட்டியது. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். பிரேக் இல்லை. திரும்பவும் கயிறு.

அந்தச் சிறுபோகத்தில் தாங்கியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சிய பெற்றோல் கச்சானைக் காப்பாற்றியது. கச்சான் காசில் வளர்ந்த கார், கச்சானுக்குத் திருப்பிக் கொடுத்தது என்று மனைவியிடம் சொன்னேன். "வட்டி எங்கே?" என்றாள்.

2023 சித்திரையில் பிரேக்கெல்லாம் சரிசெய்து முதல் பயணம் முறிகண்டிப் பிள்ளையாருக்கு. ஏ9-இல் போகிற எல்லா வாகனமும் நிற்கிற இடத்தில் எங்களுடையதும் நின்றது. அம்மா முன்சீற்றில் பட்டுச்சேலையோடு இருந்தார். நான் தேங்காய் உடைத்தேன், மகள் வீதியோரம் கச்சான் வாங்கிக்கொண்டாள். வீட்டில் மூடையாகக் கிடக்கிறதே என்றால், இது முறிகண்டிக் கச்சான் என்கிறாள். திரும்பும் வழியில் ரேடியேற்றர் கொதித்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு மல்லாவியிலிருந்து ஒரு நண்பர் எழுதியது:

அண்ணை, கதை நல்லாயிருக்கிறது, தெரிவுதான் பிழை. நான் திருத்துவது மசி பேர்கசன் 35 உழவு இயந்திரம், மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். ஆறு வருடமாகத் திருத்துகிறேன், இடையிடையே உழவும் செய்கிறது. வீட்டில் யாருக்கும் இது பொழுதுபோக்கு என்று தெரியாது. வயல் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கியர் பிடிக்கு வெள்ளி முலாம் பூசியபோது மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டார்கள்.

முத்தையன்கட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

என் கணவர் ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் மூன்றைக் கழற்றி ஒன்று பூட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று கழன்றது தெரியும், ஒன்று பூட்டுப்படுவதை இன்னும் காணவில்லை. வயலில் அவர் குறை வைப்பதில்லை, அதைச் சொல்லவேண்டும். குசினிதான் என் வழக்கு. இடியப்பத் தட்டில் ரிங் காய்கிறது. புட்டு அவிக்கிற பானைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் காபரேற்றர் ஊறவைத்திருக்கிறார். மூன்று நாளாகப் புட்டு மணக்கிறது. உங்கள் மனைவி காசுக்கு விதி போட்டார், பாத்திரத்துக்கு என்ன விதி போட்டார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அவருக்கு நான் எழுதிய பதில்:

அக்கா, அடுப்புச் சாம்பலையும் தேசிக்காய்த் தோலையும் சேர்த்து இரண்டு தரம் தேய்த்து, பிறகு பழப்புளித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். மணம் போய்விடும். எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கவேண்டாம்.