ஆற்றங்கரை வீட்டார் குழு: எக்ஸ்சேஞ்ச் போகாத மேக்புக்

ராஜி சித்தி: குமார், நீ குட்டிக்குக் கொடுத்த மேக்புக்கைக் கடையில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எல்லாம் அழித்துவிட்டுத் திறந்தால் உன் பழைய கம்பெனி பெயர் வருகிறது

பெரிய மாமா: திருட்டு மாலா?

குமார்: மாமா!! வேலையை விடும்போது 20,000 கட்டி வாங்கினேன். ரசீது இருக்கிறது

அத்தை: ராஜியிடம் 25 வாங்கியதாக ஞாபகம் 🙂

ராஜி சித்தி: அது எதற்கு இப்போது, அண்ணி

குட்டி: அண்ணா, கீறல், பேட்டரி எல்லாம் பார்த்துக் கடைக்காரர் 22,000 என்றார். வைஃபை போட்டதும் அவர் முகமே மாறிவிட்டது

குமார்: விஷயம் இதுதான். கம்பெனி மொத்தமாக வாங்கும்போதே ஒவ்வொரு மேக்கின் சீரியல் எண்ணும் ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்ற, கம்பெனிகள் தங்கள் ஆப்பிள் கருவிகளை நிர்வகிக்கும் தளத்தில் அவர்கள் கணக்கில் ஏறிவிடும். எனக்குக் கொடுத்தபோது ஐடி பையன் உள்ளே இருந்த மேனேஜ்மென்ட் புரொஃபைலை, அதாவது மேக்கைக் கம்பெனி கட்டுப்படுத்தும் அமைப்பை மட்டும் எடுத்திருக்கிறான், கணக்கிலிருந்து எண்ணை விடுவிக்கவில்லை. அதனால்தான் இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஓடியது. இப்போது அழித்து முதலிலிருந்து செட்டப் செய்யும்போது அது ஆப்பிள் சர்வரிடம் கேட்கிறது, சர்வர் பழைய முதலாளியைக் கைகாட்டுகிறது. பத்து தடவை அழித்தாலும் இதே கதைதான்

பெரிய மாமா: வில்லங்கம் என்று ஒரே வார்த்தையில் சொல். பத்திரம் நம் பேரில், பட்டா அவன் பேரில்

தாத்தா: நம் மேற்கு மனை போல

பெரிய மாமா: அதை இங்கே இழுக்க வேண்டாம் அப்பா

ரவி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,500 கொடுத்தால் கம்பெனி பெயர் வராமல் தாண்டிப் போக பைபாஸ் போட்டுத் தருவான்டா

குமார்: வேண்டாம் ரவி. எண் அவர்கள் கணக்கிலேயேதான் இருக்கும். அடுத்தவன் அழித்தால் திரும்ப வரும். கடைக்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார். கம்பெனி ஐடி ஆள் விடுவித்தால்தான் உண்டு. சித்தி, அடிப்பக்கம் சீரியல் எண் இருக்கும், போட்டோ அனுப்புங்கள்

ராஜி சித்தி: 📷

ரவி: தோசைக்கல்லா அது?

குமார்: பாதி எண்ணை உங்கள் கட்டைவிரல் மறைக்கிறது சித்தி

அத்தை: வளைகாப்புக்கு மொத்தம் எத்தனை பேர்? சமையல்காரர் காலையிலிருந்து கேட்கிறார்

ராஜி சித்தி: 📷

தாத்தா: பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலாவது பூஜ்யமா, ஓவா?

குமார்: ஆப்பிள் எண்ணில் ஓ வராது தாத்தா, பூஜ்யம்தான்

பெரிய மாமா: 60 பேர் போடு

அத்தை: உங்கள் தங்கை வீட்டார் மட்டுமே 22

குமார்: ரசீதையும் எண்ணையும் வைத்து மெயில் போட்டேன். அந்த ஐடி பையனும் வேலையை விட்டுவிட்டானாம். ஹெச்.ஆர். "பார்க்கிறோம்" என்கிறார்கள்

குட்டி: ஞாயிற்றுக்கிழமையோடு ஆஃபர் முடிகிறது அண்ணா 😭

ரவி: அழிப்பதற்கு முன்னாடியே கேட்டிருக்கலாம்

குட்டி: அழித்துக் கொண்டு வா என்றதே கடைக்காரர்தான்!

ராஜி சித்தி: சரி குமார், அவர்கள் விடுவிக்கவில்லை என்றால் அந்த 25?

குமார்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நான் படித்துவிட்டேன்

பெரிய மாமா: அழித்தாலும் பேர் வருகிறதே 😂

ராஜி சித்தி: என்ன எழுதினான் அண்ணி?

அத்தை: போனில் சொல்கிறேன். 80 பேர் என்று சொல்லிவிடட்டுமா?

தாத்தா: கடைசியில் இருப்பது எட்டா, பியா?