சூடானால் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், உதவி தேவை

வணக்கம் அண்ணன்மார்களே. என்னுடையது 1992ஆம் ஆண்டு ஜப்பான் கார். இரண்டே இருக்கை, பேட்டரி பின்னால் பூட்டில் (டிக்கியில்). காலையில் செந்தூல் வீட்டிலிருந்து ஒழுங்காகக் கிளம்பும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு, பெட்ரோல் போட நிறுத்தினால் தொலைந்தது! ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே சுற்றும், டாஷ்போர்டு விளக்குகள் மங்கும். சில நேரம் 'டக்' சத்தம் மட்டும்தான்.

பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். அப்புறம் மல்டிமீட்டர் வாங்கி நானே அளந்தேன். நிற்கும்போது 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14.2. ஆக, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சூட்டில் சாவியைத் திருப்பும்போது பேட்டரியில் 11 வோல்ட் இருக்க, ஸ்டார்ட்டருக்கு 9தான் வந்து சேர்கிறது. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் மட்டும் 1.3 வோல்ட் இழப்பு. அரை வோல்ட்டே அதிகம்!

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் கேபிளில் துரு ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. அதை மட்டும் மாற்றினால் போதுமா, சூட்டில் ஸ்டார்ட்டரும் களைத்துப் போயிருக்குமா? பூட்டிலிருந்து முன்பக்கம் வரை வரும் தடித்த பாசிட்டிவ் கேபிளையும் சேர்த்து மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கோலாலம்பூரில் அளவுக்கு வெட்டி, முனை அழுத்தித் தரும் வயரிங்காரர் யாராவது உண்டா?